இழுவைச் செயின் நீண்டால், அறுந்தால், கொக்கி விரிந்தால்: எங்கே கோளாறு, எதை மாற்றுவது

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு போனாவது வந்துவிடும். கள்ளிக்குடி, திருமங்கலம் பக்கம் என்றால் கரிசலில் டிரெய்லரோடு டிராக்டர் புதைந்து, இழுக்கப் போட்ட செயினும் அறுந்திருக்கும். மேலூர்ப் பக்கம் என்றால் சீமைக்கருவேலத் தூரை இழுத்துக் கொக்கி விரிந்திருக்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி நெருக்கிய சமயத்தில் ஊர் ஊராகப் போய்த் தூர் பறித்தோம். அந்தச் சில மாதங்களில் பார்த்த உடைந்த கொக்கிகளும் நீண்ட கண்ணிகளும்தான் எனக்குப் பாடம்.

எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எத்தனை நூல் செயின் வாங்கணும்?" தடிமனை மட்டும் கேட்டு வாங்குவதில்தான் பாதிப் பிரச்சனை தொடங்குகிறது. எட்டு நூல் ஒரு இஞ்ச், ஆக மூன்று நூல் என்றால் ஏறக்குறைய 10 மி.மீ. அந்த மூன்று நூல் செயினிலேயே 1.2 டன் வேலைக்கானதும் இருக்கிறது, 3.15 டன் வேலைக்கானதும் இருக்கிறது, கையில் தூக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கனக்கும். அதைக் கடைசியில் வாங்கும் இடத்தில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கையில் இருக்கிற செயின் காட்டும் கோளாறிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முன்னால் வரும், செலவு வைக்கிற காரணம் பின்னால் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. செயின் விறைத்து நிற்கும்போது அதன் பக்கத்தில் போகாதீர்கள், தாண்டாதீர்கள், கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையை விடாதீர்கள். டிராக்டரைப் பின்னால் எடுத்துச் செயினைத் தளர விட்டு, வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக் பிடித்த பிறகுதான் சோதனை எல்லாம்.

கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கின்றன

பயந்துவிட வேண்டாம், பாதி நேரம் இது வெறும் மண். கரிசல் சேறு கண்ணிக்குள் ஏறிக் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு ராத்திரி தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையில் எடுத்து உதறிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணிக்குள் தானாக விழுந்து புரண்டால் செயினுக்கு ஒன்றுமில்லை.

கழுவின பிறகும் ஓரிரண்டு கண்ணி மட்டும் மடங்கவில்லை என்றால் முறுக்கோடு இழுத்திருக்கிறீர்கள், அல்லது பாறை விளிம்பிலோ டிராபார் (டிராக்டரின் பின்னால், அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கம்பி) முனையிலோ செயினை மடித்துப் போட்டு இழுத்திருக்கிறீர்கள். கண்ணியைத் தரையில் ஒரு இரும்புத் தகடு மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் அது வளைந்துவிட்டது. சுத்தியலால் தட்டி நேராக்குகிற வேலை வேண்டாம், வளைந்ததைத் திருப்பி வளைத்தால் அந்த இடத்தில்தான் அடுத்த விரிசல் வரும்.

வரிசையாகப் பல கண்ணி மடங்கவில்லை என்றால் செயின் நீண்டுவிட்டது. இதை அளந்து உறுதி செய்யலாம். கொக்கியை ஒட்டின பகுதிதான் அதிகம் அடி வாங்கும், வால் பக்கம் பெரும்பாலும் புதிதாகவே கிடக்கும். வால் பக்கம் பத்துக் கண்ணி, கொக்கிப் பக்கம் பத்துக் கண்ணி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி டேப் வையுங்கள். 10 மி.மீ. குட்டைக் கண்ணி செயினில் ஒரு கண்ணியின் உள்நீளம் 30 மி.மீ., ஆகப் பத்துக் கண்ணி 300 மி.மீ. கொக்கிப் பக்கம் 315-ஐத் தொட்டுவிட்டால், அதாவது நூற்றுக்கு ஐந்து நீண்டுவிட்டால், அந்தச் செயின் இழுவைக்கு ஆகாது. நீண்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வெட்டி எறிகிற பகுதி எவ்வளவு பாரம் வாங்கியதோ அதே பாரத்தைத்தான் மீதியும் வாங்கியிருக்கிறது, அன்றைக்கு இழுவையில் இருந்த நீளம் முழுவதும் ஒதுக்க வேண்டியதுதான். இழுவைக்கு வராமல் தொங்கிக்கிடந்த வால் மட்டும் மிஞ்சும்.

நீள்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வெட்டி இழுப்பது, அதாவது செயினைத் தளர விட்டு ஓடி, திடீரென்று விறைக்க இழுப்பது. இன்னொன்று, செயினுக்கு மீறிய வேலை. முதலாவது இனாமாகத் திருத்திக்கொள்ளக் கூடியது, இரண்டாவதுக்குக் கடைக்குப் போக வேண்டும்.

செயின் அறுந்துவிட்டது

அறுந்த கண்ணியைத் தூக்கி எறியாதீர்கள். துடைத்து வெயிலில் பிடித்து, உடைந்த முகத்தை நன்றாகப் பாருங்கள். ஏன் அறுந்தது என்பது அந்த முகத்தில்தான் தெரியும்.

*முகத்தில் பாதி துரு நிறம், பாதி பளபளப்பு.* அந்தக் கண்ணியில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. துருவாக இருக்கிற பாதி எப்போதோ உடைந்தது, மின்னுகிற பாதி இன்றைக்கு உடைந்தது. இதே விரிசல் மற்ற கண்ணிகளிலும் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் முழுச் செயினையும் சோதிக்க வேண்டும். செயினைக் கழுவிக் காய வைத்து, டீசலில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள், எடுத்துத் துணியால் நன்றாகத் துடையுங்கள், பிறகு சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். விரிசலுக்குள் போன டீசல் மெல்லக் கசிந்து வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு காட்டும். கண்ணி வளையும் இடத்திலும் ஒட்டுப் போட்ட பக்கத்திலும்தான் பெரும்பாலும் தெரியும். ஒரு கண்ணியில் கோடு தெரிந்தாலும் செயின் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

*உடைந்த இடம் மெலிந்து, இழுத்த மிட்டாய் மாதிரி கழுத்து ஒடுங்கியிருக்கிறது.* பாரம் தாங்காமல் அறுந்தது, செயின் நேர்மையாக இருந்த தடிமனுக்கு உழைத்திருக்கிறது. எப்படி இழுத்தீர்கள் என்று யோசியுங்கள். இரண்டு டன் எடையுள்ள டிராக்டர், மெதுவாக இழுத்தால் தன் எடைக்கு மேல் இழுக்க முடியாது, அதற்குள் டயர் சுற்றிவிடும். அதே டிராக்டர் செயினைத் தளர விட்டு மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடி, செயின் விறைத்து 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் சராசரியாகவே ஏறக்குறைய 10 டன் செயினில் விழும். மூன்று நூல் சாதாரணச் செயின் 5 டன்னுக்குள்ளேயே அறுந்துவிடும். கயிறாவது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், செயினுக்கு அந்தக் குணம் கிடையாது.

கள்ளிக்குடிப் பக்கம் ஒரு கார்த்திகை மாசம், மக்காச்சோளம் ஏற்றின டிரெய்லர் அச்சு வரைக்கும் இறங்கி நிற்கிறது. நான் மெதுவாக மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, மறுபடி தூறல். கூட இருந்த பையன் சொன்னான்: "அண்ணே, சும்மா ஒரு வெட்டு வெட்டி இழுங்க, வந்துரும்." வெட்டி இழுத்தேன். சத்தம் கேட்டதுதான் தெரியும். திரும்பிப் பார்த்தால் வரப்போரத்து வேம்பில் நெஞ்சு உயரத்தில் பட்டை பிய்ந்து உள்மரம் வெள்ளையாகத் தெரிகிறது, கொக்கியோடு இரண்டு முழம் செயின் அங்கிட்டுக் கீழே கிடக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தப் பையன் மழைக்கு ஒதுங்கி அந்த வேம்படியில்தான் நின்றான். அன்றையிலிருந்து நான் செயினில் வெட்டி இழுப்பது கிடையாது, யார் சொன்னாலும், எத்தனை மணி ஆனாலும்.

ஆக இந்த வகை அறுப்புக்கு மருந்து: முதல் கியர், இன்ஜினை மெதுவாக வைத்து, செயின் முழுக்க விறைத்த பிறகு கிளட்சை விடுவது. அசையவில்லையா, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரிவு பண்ணுங்கள், பாரத்தை இறக்குங்கள், சக்கரத்துக்கு அடியில் விறகோ கல்லோ போடுங்கள். செயினின் நடுவில் பாதி மணல் நிரப்பின சாக்கு ஒன்றைக் குறுக்காகப் போட்டு வையுங்கள், அறுந்தாலும் பறக்காமல் தரைக்கு இழுத்துப் போடும். ஆட்கள் எல்லோரும் செயின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். நேர்கோட்டில் முன்னாலும் பின்னாலும் யாரும் கூடாது.

*முகம் சர்க்கரைப் பொடி மாதிரி மின்னுகிறது, மெலியவே இல்லை, டக்கென்று ஒடிந்திருக்கிறது.* இது ஆபத்தான வகை, ஏனென்றால் நீண்டு எச்சரிக்காமல் ஒடியும். இப்படி ஆன செயினுக்கு நெருப்போ ஆசிட்டோ பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். கிரேடு (செயின் இரும்பின் பலத்தைச் சொல்லும் தர எண்) 80 மாதிரி உயர்ந்த செயினைச் சூடு காட்டி, குளிரவைத்துப் பதம் பண்ணித்தான் செய்கிறார்கள். அதை வெல்டிங் பட்டறையில் ஒட்டினாலோ, கேஸ் வெல்டிங்கில் காய்ச்சி நேராக்கினாலோ அந்தப் பதம் போய்விடும். துரு எடுக்க ஆசிட்டில் முக்குவதும், ஜிங்க் பூசக் கொடுப்பதும் இந்த வகைச் செயினை உள்ளுக்குள் மொறமொறவென்று ஆக்கிவிடும். அதில் செய்ய ஒன்றுமில்லை, வேறு செயின்தான்.

*வெல்டு வைத்த இடத்தில், அல்லது அதற்குப் பக்கத்தில் அறுந்தது.* கம்பெனி ஒட்டா, நம் ஊர்ப் பட்டறை ஒட்டா என்று பாருங்கள். பட்டறை ஒட்டு என்றால் மறுபடி ஒட்டக் கொடுக்காதீர்கள். பழைய செயினைப் போல்ட் போட்டு இணைப்பதும் அதே கதைதான். கிரேடு 80 செயினை இணைக்க அதே கிரேடில் கனெக்டிங் லிங்க் விற்கிறார்கள். அதே தடிமனுக்கானதை வாங்கிப் பின்னை அடித்து மாட்டினால் முழு பலம் கிடைக்கும். முடிச்சுப் போட்டு இணைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், முடிச்சில் கண்ணி குறுக்கில் நெரிபட்டு அங்கேயே ஒடியும்.

கொக்கி வாய் விரிந்துவிட்டது

செயினை விடக் கொக்கிதான் அதிகம் போகும். முதலில் மாட்டின விதத்தைப் பாருங்கள். பாரம் கொக்கியின் குழிக்குள் உட்கார வேண்டும். மொத்தமான கம்பியிலோ தடிமனான தகட்டிலோ நுனியை மட்டும் குத்தி இழுத்தால் எந்தக் கொக்கியும் விரியும். தூரில் செயினைச் சுற்றி, கொக்கியைச் செயினின் மேலேயே மாட்டுகிறபோது கொக்கியின் முதுகு மரத்தில் அழுந்தினால் நெம்புகோல் மாதிரி வளையும், அந்த இடத்தில் கொஞ்சம் மண்ணைத் தோண்டிக் கொக்கியை வெளியே எடுத்து மாட்டுங்கள்.

அடுத்தது கொக்கி எங்கிருந்து வந்தது என்பது. முக்கால் இஞ்ச் கம்பியை வளைத்துப் பட்டறையில் செய்த கொக்கி பார்க்கத் தடியாக இருக்கும். அது சாதாரண இரும்பு. கிரேடு 80 செயினில் அதை மாட்டினால் இழுவையின் பலம் அந்தக் கொக்கியின் பலம்தான், செயினுக்குக் கொடுத்த காசு வீண். நல்ல கொக்கியில் செயின் தடிமனும் கிரேடு எண்ணும் உடம்பிலேயே அடித்திருக்கும், இரண்டும் உங்கள் செயினோடு ஒத்துப்போக வேண்டும்.

விரிந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். புதுக் கொக்கி வாங்கின அன்றைக்கே நுனியில் ஒரு பஞ்ச் புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு பஞ்ச் புள்ளி வைத்து, நடுவில் எத்தனை மி.மீ. என்று டூல் பெட்டி மூடியில் எழுதி வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், மூடியில் 52 என்று இருக்கிறது, மாசத்துக்கு ஒரு தடவை வெர்னியர் (மி.மீ. துல்லியமாக அளக்கும் கருவி) வைக்கிறேன். நூற்றுக்குப் பத்து அதிகமானால், என்னுடையதில் 57-ஐத் தாண்டினால், மாற்றிவிடுவேன். சுத்தியலால் அடித்து மூடினால் அடுத்த தடவை ஒடியும், விரியாது.

செயினைச் சுருக்கி மாட்டினால் கொக்கியிலிருந்து வழுக்குகிறது

நீளத்தைக் குறைக்கக் கிராப் கொக்கி என்று ஒன்று உண்டு, குறுகலான வாய், ஒரு கண்ணியைக் குறுக்கில் பிடித்துக்கொள்ளும். வழுக்குகிறது என்றால் சேறு அடைத்திருக்கலாம், சாவி நுனியால் சுரண்டினாலே போதும். சேறு இல்லை என்றால் கொக்கி பெரிய தடிமனுக்கானது, நான்கு நூல் கொக்கியில் மூன்று நூல் செயின் நிற்காது. இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் உங்கள் செயின் நெட்டைக் கண்ணிச் செயின். மாட்டுக்கும் கேட்டுக்கும் பூட்டுக்கும் அது போதும். இழுவையில் மூலையில் மடங்கும்போது நெட்டைக் கண்ணி சீக்கிரம் வளைந்துவிடும், கிலோவுக்கு அதிக நீளம் வருகிறதே என்று அதை வாங்காதீர்கள்.

ஷேக்கிள் பின் கழல மாட்டேன் என்கிறது, அல்லது வளைந்துவிட்டது

ஷேக்கிள் என்பது செயினை மாட்டுகிற U வடிவ இரும்பு வளையம், அதன் வாயை மூடும் ஆணிதான் பின். கழலவில்லை என்றால் மரையில் மண் போயிருக்கும். டீசல் விட்டு அரை மணி கழித்து ஸ்பேனர் போடுங்கள். பின் வளைந்திருந்தால் நேராக்க வேண்டாம்.

பின் தொலைந்துபோனதால் கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் போல்ட் ஷேக்கிள் பின்னின் பலத்துக்குக் கிட்டவே வராது. ஷேக்கிளின் உடம்பில் எத்தனை டன் என்று அச்சடித்திருக்கும், 16 மி.மீ. ஷேக்கிள் 3.25 டன், 19 மி.மீ. என்றால் 4.75 டன் இருக்கும். அச்சு இல்லாத ஷேக்கிள் எனக்கு வேண்டாம். இன்னொன்று, ஷேக்கிளை நேராகத்தான் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் 90 டிகிரி திரும்பி இழுபட்டால் அதன் பலம் பாதியாகிவிடும். பின் வளைவதில் பெரும்பாலானவை இப்படிப் பக்கவாட்டில் இழுபட்டவை.

செயினுக்கு ஒன்றுமில்லை, டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது

உடனே கிளட்சை மிதியுங்கள். ஆக்சிலேட்டரைக் குறைக்கலாமா, பிரேக் பிடிக்கலாமா என்று யோசிக்க நேரம் இருக்காது, எழும்பத் தொடங்கின டிராக்டர் ஒன்றரை விநாடிக்குள் பின்னால் கவிழ்ந்துவிடும். நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் ரோல் பார் (கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்பு வளைவு) கிடையாது, கவிழ்ந்தால் ஓட்டுகிறவன் மேல்தான் விழும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: செயினை உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். டிராபார் சேற்றுக்குள் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்று டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டுகிற இடத்திலோ, பின் அச்சைச் சுற்றியோ, தூக்கி வைத்த கீழ்க்கைகளிலோ (கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகள்) மாட்டிவிடுகிறார்கள். பின்சக்கர அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் டிராக்டர் பின் அச்சைச் சுற்றித் தன்னையே தூக்கிக்கொள்கிறது. அச்சுக்குக் கீழே, டிராபாரில் மட்டும் மாட்டுங்கள், வேறு எங்கேயும் வேண்டாம். என் மச்சான் ஒரு தடவை புளியந்தூர் பறிக்க டாப் லிங்க் பிராக்கெட்டில் மாட்டினார், முன்சக்கரம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அவர் கால் ஏற்கெனவே கிளட்ச் மேல் இருந்ததால் பிழைத்தார். வண்டி தொப்பென்று இறங்கின வேகத்தில் முன் அச்சின் ஆணி வளைந்தது, அதோடு போச்சு.

டிராபாரில்தான் மாட்டியிருக்கிறேன், இருந்தும் எழும்புகிறது என்றால் மூன்றைப் பாருங்கள். செயின் ரொம்பக் குட்டையாக இருந்து, இழுக்கும் பொருள் பள்ளத்தில் இருந்தால் செயின் கீழ்நோக்கிச் சரிந்து டிராக்டரின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும், நீளமாக விடுங்கள். தூர் என்றால் பக்க வேரை வெட்டாமல் இழுக்கிறீர்கள். சீமைக்கருவேலத் தூரைச் சுற்றி முழங்கை ஆழம் தோண்டிப் பக்க வேர்களைக் கோடாலியால் அறுத்துவிட்டால் பாதிப் பாரம் குறையும், தரைக்குக் கீழே ஒரு அடி ஆழம் வரை தூர் முழுசாக வந்தால்தான் மறுபடி துளிர்க்காது, அதனால் தோண்டுகிற வேலை எப்படியும் உண்டு. மூன்றாவது, டிராக்டரே புதைந்து பின்சக்கரம் நிற்க, முன்னோக்கி எடுக்கப் பார்க்கிறீர்கள். சக்கரம் சுற்ற முடியாதபோது உடம்பு சுற்றும், அதாவது முன்பக்கம் எழும்பும். பின்னோக்கி எடுங்கள், அல்லது வேறு வண்டியால் இழுக்க விடுங்கள்.

இரண்டு தடவை முன்சக்கரம் எழும்பினால் மூன்றாவது தடவை முயற்சிக்க வேண்டாம். ஜேசிபிக்காரரைக் கூப்பிடுங்கள். பெரிய புளி, வேம்பு, தென்னந்தூர் எதற்கும் நான் டிராக்டரை இப்போது கொண்டுபோவதே இல்லை. ஜேசிபி ஒரு மணி நேர வாடகையில் முடிக்கிற வேலை அது.

இரண்டு பக்கமும் மாட்டி இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் போகிறது

புதைந்த வண்டியை இரண்டு பக்கமும் மாட்டிக் கவட்டை மாதிரி இழுக்கிறபோது பாரம் பாதி பாதியாகப் பிரியும் என்று நினைத்துவிடுகிறோம். கவட்டை குறுகலாக இருந்தால் ஏறக்குறைய அப்படித்தான். அகலமாக விரிந்தால் இல்லை. இரண்டு கைக்கும் நடுவே 60 டிகிரி என்றால் ஒவ்வொரு கையிலும் இழுவையில் நூற்றுக்கு 58, 90 டிகிரி என்றால் 71, 120 டிகிரி என்றால் முழு இழுவையும் ஒவ்வொரு கையிலும் விழும். செயினை நீளமாக விட்டு கவட்டையைக் குறுக்குங்கள், செலவே இல்லை. ஒரு கை மட்டும் குட்டையாக இருந்தாலும் அந்தப் பக்கமே எல்லாம் வாங்கும், கிராப் கொக்கியில் இரண்டையும் சமப்படுத்துங்கள்.

துரு, தேய்மானம்

மேலாகத் துடைத்தால் போகிற துரு பிரச்சனையில்லை. கண்ணியும் கண்ணியும் உரசுகிற உள்வளைவில் வெர்னியர் வையுங்கள், அங்கேதான் முதலில் தேயும். 10 மி.மீ. செயின் அந்த இடத்தில் 9 மி.மீ. ஆகிவிட்டால் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

ஒரே வருஷத்தில் செயின் குழிகுழியாகத் துருப்பிடிக்கிறது என்றால் எங்கே போட்டு வைக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய உரச்சாக்குதான் வழக்கமான குற்றவாளி. பொட்டாஷ், யூரியாவின் மிச்சம் சாக்கின் தையலில் இருக்கும், ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும். உரம் ஏற்றின டிரெய்லரின் மூலையில் போட்டு வைப்பதும் அதேதான். கழுவி, துடைத்து, கழிவு ஆயில் லேசாகத் தடவி, கொட்டகையில் ஆணியில் தொங்கவிடுங்கள்.

கிணற்று மோட்டாரை இந்தச் செயினில் தூக்கலாமா

கூடாது. இழுக்கும்போது அறுந்தால் தள்ளி நின்றால் தப்பிக்கலாம், கிணற்றுக்குள் ஆள் நிற்க மேலே மோட்டார் தொங்குகிறபோது அறுந்தால் ஒதுங்க இடமில்லை. தலைக்கு மேல் தூக்கக் கிரேடு 80 அல்லது 100 செயின், சேறு, வெட்டு, வளைவு எதுவும் படாதது, டன் எண் எழுதின தகடு மாட்டினது மட்டும்தான். இழுவைக்கு ஒரு தடவை பயன்படுத்தினாலும் அந்தச் செயின் தூக்குவதற்கு ஆகாது. மோட்டார் ஏற்றி இறக்குகிறவர்கள் தங்கள் செயின் பிளாக்கோடுதான் (பாரம் தூக்கும் கப்பிக் கருவி) வருவார்கள், கூலியைக் கொடுத்து அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

செயின் போய்விட்டது, புதிதாக எது வாங்குவது

கடையில் தடிமனுக்கு முன்னால் கிரேடைக் கேளுங்கள். கிரேடு 30 என்பது சாதாரணச் செயின், 10 மி.மீ. என்றால் 1.2 டன் வேலைச்சுமை, கடையில் எஸ்.டபிள்யூ.எல். என்பார்கள். கிரேடு 70 லாரிப் பாரம் கட்டுகிற மஞ்சள் செயின், ஏறக்குறைய 3 டன். கிரேடு 80 என்றால் 3.15 டன். கிரேடு 80-லேயே 8 மி.மீ. 2 டன், 13 மி.மீ. 5.3 டன், 16 மி.மீ. 8 டன். நாலு நூல், அதாவது 13 மி.மீ. சாதாரணச் செயின் 2 டன்தான். தடியாக இருக்கிறதே என்று அதை வாங்கிக்கொண்டு போகிறவர், மூன்று நூல் கிரேடு 80-ஐ விட பலம் குறைந்ததை அதைவிட எடை அதிகமாகச் சுமந்துகொண்டு போகிறார். 6 மீட்டருக்கு மூன்று நூல் 13 கிலோ வரும், நாலு நூல் 23 கிலோ. சேற்றில் தோளில் போட்டு நடக்கிறவருக்கு அந்தப் பத்துக் கிலோ தெரியும்.

வேலைச்சுமை என்பது அறுகிற பாரத்தில் நான்கில் ஒரு பங்கு. அந்த மீதி மூன்று பங்கை நம்பி அதிகப் பாரம் போடாதீர்கள், தேய்மானமும் தெரியாமல் விழுகிற அதிர்ச்சியும் அதில்தான் கழிகிறது.

35-லிருந்து 50 எச்.பி. வரைக்கும் டிராக்டர் என்றால், மெதுவாக இழுக்கிற பழக்கம் இருந்தால், 10 மி.மீ. கிரேடு 80 குட்டைக் கண்ணி போதும். 6 மீட்டர் ஒன்று, தூரில் சுற்ற 3 மீட்டர் ஒன்று. கரிசலில் மண் ஏற்றின டிரெய்லரை எடுக்க அடிக்கடி போகிறவர்கள், இரண்டு டிராக்டரைச் சேர்த்துப் பூட்டி இழுக்கிறவர்கள் 13 மி.மீ.க்குப் போங்கள். ஜேசிபியால் இழுக்க உங்கள் டிராக்டர் செயினைக் கொடுக்காதீர்கள், ஏழரை டன் வண்டிக்கு அது வெறும் தையல் நூல் மாதிரி. 16 மி.மீ. அவர்களிடமே இருக்கும்.

கண்ணியில் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள், சில கண்ணிக்கு ஒரு தடவை 8 என்றோ 80 என்றோ இரும்பிலேயே பதிந்திருக்கும். மஞ்சள் பெயிண்ட், தங்க நிறம் இதெல்லாம் சாட்சி இல்லை, யாரும் எதற்கும் பூசலாம். நல்ல செயின் விற்கிற கடையில் கம்பெனியின் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், டவுனுக்குள் இல்லாவிட்டால் கப்பலூர், கே. புதூர் தொழிற்பேட்டைகளுக்குச் சாமான் சப்ளை பண்ணுகிற கடைகளை விசாரியுங்கள், தொழிற்சாலைக்காரர்கள் சர்டிபிகேட் இல்லாமல் வாங்க மாட்டார்கள். கொக்கி, ஷேக்கிள், கனெக்டிங் லிங்க் மூன்றும் அதே கடையில் அதே கிரேடில் எடுங்கள். எடை போட்டுக் காசு சொல்லும்போது "செயின்" என்று மட்டும் பில்லில் எழுதுவார்கள், கிரேடும் தடிமனும் சேர்த்து எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.